கொதிக்கும் எஞ்சினும் குளிர்ந்த சிந்தையும்

கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு ஜீப் என்பது வெறும் ஊர்தியன்று. பல்லாயிரம் குடும்பங்களின் பிழைப்பு. விடியுமுன் கம்பம், தேவாரம், போடிநாயக்கனூர் ஆகிய ஊர்களிலிருந்து ஏலத்தோட்டத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு மலைச்சாலைகளில் ஏறுவது அது. அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். ஆகவே, ஜீப்பின் எஞ்சின் கொதிப்பது ஓட்டுநர் ஒருவரின் தொல்லை மட்டுமன்று. உள்ளே அமர்ந்திருப்போரின் உயிர் பற்றிய செய்தியுமாகும்.

மகிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பூட்டி விற்கத் தொடங்கியது. அவை பெட்ரோலில் ஓடியவை. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் பெட்ரோல் விலை உயரவே, பழைய எஞ்சினை இறக்கி டீசல் எஞ்சின் ஏற்றும் வழக்கம் பட்டறைகளில் பரவியது. நம் குடும்பத்திற்கு வந்து சேர்ந்த ஜீப்பும் அவ்வாறு மாற்றப்பட்டதே. உத்தமபாளையத்துச் சமவெளியில் அது சாதுவாக ஓடும். போடிமெட்டுச் சாலையில் பாதி வளைவுகளைக் கடக்குமுன் கொதித்து ஆவி கக்கும்.

அறிவுரைகளுக்குப் பஞ்சமில்லை. ‘தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியுங்கள்’ என்றார் ஒருவர். ‘பெரிய விசிறி போடுங்கள்’ என்றார் மற்றொருவர். ‘வளைவுக்கு வளைவு தண்ணீர் ஊற்றுங்கள்’ என்றார் வேறொருவர். சின்னமனூர்ப் பக்கத்து முதிய மெக்கானிக் ஒருவர் மட்டும் எதையும் கழற்றவில்லை, வினவத் தொடங்கினார்.

“ஐயா, வண்டி கொதித்தால் கேட்க வேண்டியவை நான்குதான். தண்ணீர் குறைகிறதா? இருக்கும் தண்ணீர் ஓடவில்லையா? ஓடும் தண்ணீரைக் காற்று ஆற்றவில்லையா? இவை மூன்றும் சரியென்றால், ஆற்றக்கூடிய அளவுக்கு மேல் சூடு பிறக்கிறதா?”

எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சக்கரத்தைச் சுழற்ற உதவுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி புகையோடும் குளிர்விக்கும் நீரோடும் வெப்பமாக வெளியேற வேண்டும். மலையேறும்போது வண்டி மெதுவாகச் செல்லும். எஞ்சினோ சிறிய கியரில் வேகமாகச் சுழலும். எதிர்க்காற்று குறைந்துவிடுவதால் விசிறி ஒன்றே துணை. மேலும், கடல்மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் நீர், ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரமுள்ள போடிமெட்டில் 95 பாகையிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் சுருள்வில் உள்ளே அழுத்தத்தைக் காத்து அக்கொதிநிலையை உயர்த்துகிறது. அவ்வில் தளர்ந்தால் அந்தக் காப்பும் போயிற்று.

நான்கு வினாக்களும் விடைகளைத் தந்தன. ரேடியேட்டர் பழைய சிறிய எஞ்சினுக்குரியது. அதன் குழாய்களில் ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு படிந்திருந்தது. புதிய எஞ்சின் சற்றுத் தாழ்ந்தும் பின்தள்ளியும் அமர்ந்தமையால் விசிறி ரேடியேட்டரின் நடுவே நிற்கவில்லை. காற்றைச் சிதறாமல் இழுக்கும் கூடும் இல்லை. தெர்மோஸ்டாட்டை முன்னரே எவரோ அகற்றியிருந்தனர். அதனை அகற்றினால், சில எஞ்சின்களில் நீரின் ஒரு பகுதி ரேடியேட்டரை எட்டாமலே குறுக்கு வழியில் திரும்பிவிடும் என்பதைப் பலர் அறியார்.

பெரியவர் கூடுதல் வரிசைக் குழாய்கள் கொண்ட ரேடியேட்டரைப் பொருத்தினார். விசிறியை நடுவாக்கி, அதனைச் சுற்றித் தகரக் கூடு அமைத்தார். புதிய தெர்மோஸ்டாட்டும் மூடியும் இட்டார். கிணற்று நீருக்கு மாறாக, வடித்த நீரும் கூலண்டும் சரிபாதி கலந்து ஊற்றினார். அதன்பின் போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் ஜீப் நிற்காமல் ஏறிற்று. வெப்பமானியின் முள் நடுக்கோட்டை விட்டு நகரவில்லை.

பணி முடிந்தபின் அவர் கூறியது நம் நெஞ்சில் நிலைத்தது: “எஞ்சினைப் பெரிதாக்கினார்கள், அதை ஆற்றுவதைப் பெரிதாக்கவில்லை.”

ஊர்தியின் அமைப்பை மாற்றுவோர் முன்னதாக அனுமதி பெறவேண்டும் என்று 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவில் விதிப்பதும் இத்தகைய காரணங்களாலேயே. ஓர் உறுப்பை மாற்றினால் அதனோடு உறவுடைய அனைத்தையும் ஆராய வேண்டும். சட்டத்தை வெறும் தடையாகக் கருதுவோர், பின் இருக்கையில் இருப்போரை மறந்தவராவர்.

வழியில் கொதித்துவிட்டால் செய்யத்தக்கது என்ன? ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்து, சக்கரத்திற்குக் கல் வைத்து, பயணிகளை இறக்கிக் காத்திருத்தலே. சூட்டோடு மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். குளிர்ந்த நீரைத் திடீரென ஊற்றினால் இரும்பு வெடிக்கும். சினம் கொண்டவர் நின்றிருந்தால் அமருமாறும், அமர்ந்தும் தணியாவிடில் படுக்குமாறும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நம் பெரியோர் எடுத்துரைப்பர். மனிதரின் கொதிப்புக்கும் முதல் மருந்து நிற்றலே; காரணம் தேடுவது அதற்குப் பின்னரே.

மாணவச் செல்வங்களே! கல்வியும் பதவியும் செல்வமும் நமக்குள் ஏறும் புதிய எஞ்சின்கள். அவற்றின் வேகத்தை அடைய விரும்பும் நாம், பொறுமையையும் அடக்கத்தையும் அதே அளவில் விரிவாக்கிக்கொள்கிறோமா? நம்மை நம்பி நம்மோடு பயணம் செய்வோர் பலர். அவர்கள்பொருட்டேனும் இதனை எண்ணிப் பார்ப்போமாக!