எல்லைச் சீமையில் சில நாட்கள் – 4: கதையில் பெயர் பெற்ற நாய்

எடின்பரோ கோட்டையோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். மறுநாள் காலை வேவர்லி நிலையத்தில் ரயில் ஏறினேன். ஒரு மணி நேரத்தில் ட்வீட்பேங்க். அங்கிருந்து பஸ்ஸில் செல்கிர்க். மேட்டின் மேல் அமைந்த சிற்றூர். சந்தைத் திடலில் சர் வால்டர் ஸ்காட் சிலையாக நிற்கிறார். இந்த வட்டாரத்தின் ஷெரீஃபாக இருந்து வழக்கு விசாரித்தவர். ஆனால் நான் தேடி வந்தது, அவர் எழுதிய கதையால் பெயர் பெற்ற ஒரு நாயினத்தின் பூர்வீகத்தை.

1815இல் வெளிவந்த அவருடைய 'கை மேனரிங்' நாவலில் டேண்டி டின்மான்ட் என்றொரு விவசாயி வருகிறார். அவருடைய டெரியர்களுக்கு மொத்தமே இரண்டு பெயர்கள்தாம்: பெப்பர், மஸ்டர்ட். முன்னால் கிழட்டு, இளைய, குட்டி என்று சேர்த்து அழைப்பார். ரோமத்தின் நிறத்தை வைத்து மிளகு, கடுகு என்று பெயர். நம் கடுகு கறுப்பு. அவர்கள் சொல்வது அரைத்த கடுகின் மஞ்சள் கலந்த பழுப்பு. ஹிண்ட்லீ பண்ணையில் ஜேம்ஸ் டேவிட்சன் என்ற நிஜ விவசாயியும் தன் நாய்களுக்கு இப்படியே பெயரிட்டிருந்தார். நாவல் பரவியதும் ஊரார் அவரையே டேண்டி டின்மான்ட் என்று கூப்பிட்டார்கள். பிறகு அவர் நாய்களுக்கும் அதுவே பெயரானது.

குட்டைக் கால், நீண்ட உடல், தலையில் பட்டுக் குடுமி. பார்த்தால் மடியில் வைத்துக் கொஞ்சத் தோன்றும். ஆனால் வளைக்குள் புகுந்து நீர்நாயோடும் பேட்ஜரோடும் மல்லுக்கு நிற்க வளர்த்த உடல் அது.

திடலிலிருந்து நடக்கும் தூரத்தில், ஏரிக்கரையில் ஹெய்னிங் மாளிகை. இங்குள்ள நாய்க்கொட்டிலில்தான் 1842 ஜூன் 4 அன்று ஓல்ட் ஜிஞ்சர் பிறந்தது. இன்று உலகில் உள்ள எந்த டேண்டி டின்மான்டின் வம்சாவளியைப் பிடித்துக்கொண்டு போனாலும் அதனிடமே வந்து சேரலாம். அந்தக் கொட்டில் இடியாமல் நிற்கிறது. கல்சுவரைத் தொட்டபடி வெகுநேரம் நின்றேன். ஒரு நாயினத்துக்குப் பிறந்த வீடு இவ்வளவு துல்லியமாகத் தெரிவது அபூர்வம். ஓல்ட் ஜிஞ்சருக்கு வெண்கலச் சிலையும் வைத்திருக்கிறார்கள்.

இந்த இனத்துக்கான சங்கமும் இதே ஊரில்தான், 1875இல், ஒரு விடுதியில் கூடிப் பிறந்தது. இவ்வளவு இருந்தும், ஆண்டுக்கு 300 குட்டிகள்கூடப் பதிவாகாத பிரிட்டிஷ் நாட்டு இனங்களின் பட்டியலில் டேண்டியும் இருக்கிறது. எனக்கு அது பெரிய வருத்தம்.

எடின்பரோ போகும் வாசகர்கள் ஒரு பகலைச் செல்கிர்க்குக்கு ஒதுக்குங்கள். மாளிகையைக் கடைசி உரிமையாளர் ஊர் மக்களுக்கே எழுதிவைத்துவிட்டார். ஏரியைச் சுற்றி யாரும் நடக்கலாம்.

(அடுத்த வாரம்: ஸ்காட்டின் அபாட்ஸ்ஃபோர்ட் வீடு)