நாபாலி கரையோரம் – 4: பக்கவாட்டில் நீந்தினால் போதுமா?

ஹவாயின் கவாய் தீவில், கீ கடற்கரையில் புறப்படும் கலலாவ் மலைப்பாதை 3.2 கிலோமீட்டர் ஏறி இறங்கிய பிறகு முதன்முதலாகக் கடலைத் தொடும் இடம் ஹனகாபியாய். ஓர் ஓடை, கொஞ்சம் மணல், இருபுறமும் கடலுக்குள் செங்குத்தாக இறங்கும் பாறைச்சுவர். உயிர்காப்பாளர் கிடையாது. வியர்த்து வருகிறவர் கண்ணில் முதலில் படுவது வெள்ளை அலைகளுக்கு நடுவே அலை உடையாமல் சற்றுக் கருத்துக் கிடக்கும் ஒரு நீர்ப்பட்டை. குளிக்கத் தோதான இடம் என்றுதான் தோன்றும். ஆனால் அலைகள் கரைக்குத் தள்ளிய தண்ணீரெல்லாம் மணல்திட்டுகளுக்கு இடையிலான பள்ளத்தில் சேர்ந்து கடலுக்குத் திரும்புகிற வழி அதுதான். சற்று நின்று பார்த்தால், நுரைத்துணுக்குகள் கரைக்கு வராமல் வெளியே போவது தெரியும். நம் செய்தித்தாள்கள் இதைச் 'சுழல்' என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. இது சுழல்வதில்லை, ஆளை உள்ளே அமிழ்த்துவதுமில்லை. ஓர் ஆற்றைப் போல வெளியே கொண்டுபோகிறது.

'இழுப்போடு மல்லுக்கட்டாதே, பக்கவாட்டில் நீந்தி வெளியேறி, பிறகு கரைக்குத் திரும்பு' என்பது எல்லாக் கடற்கரைகளிலும் சொல்லப்படும் அறிவுரை. நீண்ட மணற்கரையில் அது உயிர் காக்கும். ஆனால் அந்த அறிவுரைக்குள், பக்கத்தில் ஏறிக்கொள்ள ஒரு கரை இருக்கும் என்ற நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. இங்கே பக்கத்தில் இருப்பது அலை மோதும் பாறை. பத்திரமாகக் கரையேறக்கூடிய அடுத்த இடம் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தள்ளி. ஆகவே இங்கு முடிவெடுக்க வேண்டியது தண்ணீருக்குள் அல்ல, மணலில் நிற்கும்போதே.

'நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கு என்ன பயம்?' என்று கேட்கலாம். வலுத்த இழுப்பு வினாடிக்கு 2.4 மீட்டர் வரை ஓடும்; ஒலிம்பிக் வீரரின் 100 மீட்டர் வேகமே அதற்குக் குறைவு. 'கோடையில் கடல் அமைதிதானே?' என்பது இன்னும் நியாயமான கேள்வி. குளிர்கால வடக்கு அலைகள் இந்த மணலையே வாரிக்கொண்டு போய் உருண்டைப் பாறைகளை மட்டும் விட்டுவைக்கின்றன. கோடையில் மணல் திரும்புகிறது. ஆனால் கோடையிலும் குறுக்கே பவளத்திட்டு ஏதும் இல்லாததால், அலையின் வேகம் தணியாமல் கரை வரை வந்துவிடுகிறது. உதவி கேட்கச் செல்போன் சிக்னலும் இல்லை; யாராவது வந்த வழியே ஓட வேண்டும். ஹெலிகாப்டர் அதற்குப் பிறகுதான். மூழ்குகிறவருக்கு இருப்பதோ சில நிமிடங்கள். கரைக்கு இறங்கும் வழியில் மரப்பலகை ஒன்றில் ஐந்தைந்தாகக் கோடு கிழித்து இறந்தவர்களைக் கணக்கு வைத்திருந்தார்கள். அது அரசுப் பதிவேடு அல்ல, எண்ணிக்கையில் பிழை இருக்கலாம். எனினும் 80-ஐத் தாண்டிய அந்தக் கோடுகளின் கீழே, அடுத்த கோட்டுக்கு இடம் விட்டிருந்தது.

(தொடரும்)