குருகுலம் கேட்ட மதியங்கள்

செய்யாறு பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மன் கோயிலில் கொடி ஏறிவிட்டால் மதியத்தில் பாரதம், ராத்திரியில் கூத்து. கூத்துக்காக ஏங்குகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு ஏக்கமெல்லாம் அந்த மதியத்தின்மேல்தான். அதிலும் பாண்டவர்கள் பிறப்பதற்கு முந்தைய கதை நடக்கும் முதல் சில நாட்களின்மேல்.

வில்லிபாரதம் குருகுலச் சருக்கத்தில் தொடங்குகிறது. பிரசங்கியார் ஒரு பாட்டை ராகம் போட்டுச் சொல்வார், ஆர்மோனியக்காரர் பிடித்துக்கொள்வார், பிறகு பொருள் வரும். வில்லிபுத்தூரார் வேகமாகத் தாண்டிப்போன இடங்களை வியாச பாரதத்திலிருந்து எடுத்து விரிப்பார். சந்திரன் மகன் புதன், புதன் மகன் புரூரவன், அவன் மகன் ஆயு, ஆயு மகன் நகுஷன், நகுஷன் மகன் யயாதி. பந்தலுக்குக் கீழே கிழவிகள் வெற்றிலை மடித்தபடி அந்த வரிசையை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வருவார்கள்.

யயாதியிடம் வந்ததும் கதை நின்றுவிடும். சுக்கிராச்சாரியார் சாபத்தால் மூப்படைந்த அரசன், தன் மூப்பை வாங்கிக்கொண்டு இளமையைத் தரச்சொல்லிப் பிள்ளைகளைக் கேட்கிறான். மூத்தவன் யது மாட்டேன் என்கிறான். கடைசிப் பிள்ளை பூரு கொடுக்கிறான். பட்டமும் பூருவுக்கே போகிறது. “மூத்தவன் இருக்க இளையவனுக்குப் பட்டம் கட்டின வீடும்மா இது, மறந்துடாதீங்க” என்பார் பிரசங்கியார், பெண்கள் பக்கம் திரும்பி.

அந்த வீட்டில் நாற்காலி நேராக இறங்கியதே இல்லை. பரதன் தான் பெற்ற பிள்ளைகள் அரசாளத் தகாதவர்கள் என்று தள்ளினான். தேவாபி மூத்தவன், தோல்நோய்க்காரன் என்று குடிகள் ஒப்பவில்லை, தம்பி சந்தனு அரசனானான். சந்தனுவின் மகன் பீஷ்மர் தகப்பனுடைய ஆசைக்காக அரசையும் கல்யாணத்தையும் விட்டார். சந்தனு ஆசைப்பட்டு மணந்த சத்தியவதி பெற்ற இரண்டு பிள்ளைகளும் வாரிசில்லாமல் இறந்தபோது, செம்படவர் வீட்டில் வளர்ந்த அந்தப் பெண், கல்யாணத்துக்கு முன் தான் பெற்ற வியாசரை அழைத்துக் குலத்தைக் காப்பாற்றினாள். ஆகவே வியாசருக்குப் பிறந்த திருதராட்டிரன், பாண்டு இருவர் உடம்பிலும் சந்தனுவின் ரத்தம் இல்லை. பாண்டுவின் பிள்ளைகள் தேவர்களுக்குப் பிறந்தவர்கள். குருக்ஷேத்திரத்தில் சந்தனுவின் ரத்தமென்று நின்றவர் பிள்ளையில்லாத பீஷ்மர் ஒருவரே. சாதி பார்த்துத் தண்ணீர் கொடுத்த ஊரில் இதை ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஊரே உட்கார்ந்து கேட்டது.

நான் மிகவும் விரும்பியது தபதி கதை. வேட்டைக்குப் போன சம்வரணன், மலையில் சூரியனின் மகள் தபதியைக் கண்டு மயங்கி விழுகிறான். வசிஷ்டர் சூரியனிடமே போய்ப் பெண் கேட்டு அழைத்துவருகிறார். இவர்கள் பிள்ளைதான் குரு. குருக்ஷேத்திரம், கௌரவர் எல்லாம் அவன் பேரால் வந்தவை. இதை ஆரம்பத்தில் சொல்லி வைத்துவிட்டு, கர்ண மோட்சத்தன்று மதியம் பிரசங்கியார் திரும்ப எடுப்பார். தபதி சூரியன் மகள், கர்ணன் சூரியன் மகன். அப்படியென்றால் குருவுக்குக் கர்ணன் என்ன முறை? பந்தல் முழுக்க ஒரு முணுமுணுப்பு ஓடும். தாய்மாமன். என்ன குலம் என்று கேட்டு யாரை அரங்கில் தலைகுனிய வைத்தார்களோ, அவன் அந்தக் குலத்துக்கே தாய்மாமன் முறை. அன்று ராத்திரி கூத்தில் கர்ணன் சாயும்போது எல்லோரும் குந்தியோடு சேர்ந்து அழுவார்கள். மதியமும் வந்திருந்தவர்களுக்குத் தபதியும் நினைவில் இருப்பாள்.

நாடாண்டவர்களுக்கும் இந்தக் கொடிவழி வேண்டியிருந்தது. சோழர்கள் திருவாலங்காட்டுச் செப்பேட்டில் தங்களைச் சூரியனிலிருந்து தொடங்குகிறார்கள். பாண்டியர் சந்திர குலம் என்றார்கள். எங்கள் தொண்டை நாட்டை ஆண்ட பல்லவர்கள் துரோணர், அசுவத்தாமன் வழியில் வந்தவர்களாகத் தங்களை எழுதிக்கொண்டார்கள். 7-ஆம் நூற்றாண்டில் காஞ்சிக்கு அருகே கூரத்துக் கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிக்கப் பரமேஸ்வரவர்மன் ஏற்பாடு செய்ததைக் கூரம் செப்பேடு சொல்கிறது. பல்லவர் போய் எத்தனையோ காலம். பாரதம் வாசிப்பது மட்டும் எங்கள் பாட்டிமார் காலம்வரை வந்து சேர்ந்தது, எனக்கும் கொஞ்சம் கிடைத்தது.

இப்போது பாரதத்தின் நாட்களைக் குறைக்கும் ஊர்களில் முதலில் வெட்டுப்படுவது குருகுலம்தான். நேரே வில்வளைப்புக்கு வந்துவிடுகிறார்கள். பந்தலில் உட்கார வேண்டிய பெண்கள் சிப்காட்டுக்கு ஷிப்ட் போகிறார்கள். அந்தச் சம்பளத்தில் வீடு எழும்புகிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் கொடியேற்றத்துக்கு முன் ஊர்ப் பெரியவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும்போல் இருக்கிறது. மதியம் முடியாவிட்டால் ஷிப்ட் விட்டு வந்தபின் சாயங்காலம் வைக்கலாம். யயாதிக்கு ஒரு நாள், சத்தியவதிக்கு ஒரு நாள், தபதிக்கு ஒரு நாள். செலவில் என் பங்கை நான் தருகிறேன்.