மறைந்துபோன இரு பனிக்கவிகைகள்

உலகப் படத்தின் உச்சியில், கிரீன்லாந்துக்கு மேற்கே, நெருங்கினாற்போல் கிடப்பது எல்ஸ்மியர் தீவு. கனடா நாட்டின் நூனவுட் பிரதேசத்தைச் சேர்ந்தது. அதன் வடகிழக்கு மூலையில் ஹேசன் பீடபூமி என்னும் மேட்டுநிலம் பரந்து கிடக்கிறது. வாசக அன்பர்களை இம்மாதம் அங்கேதான் அழைத்துச் செல்ல விரும்புகிறேன். ஓர் உண்மையை முதலிலேயே கூறிவிடுகிறேன். நான் அவ்விடம் சென்றவனல்லன். நூல்வழி அறிந்தவன் மட்டுமே. நாம் காண விரும்பும் பொருளோ இன்று எவர் சென்றாலும் அங்கே காணக் கிடைக்காது.

சில மாதங்களுக்கு முன் பாட வேளை முடிந்ததும் மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "துருவத்தில் பனி குறைகிறது என்கிறார்களே ஹஜ்ரத், யாராவது போய் அளந்து பார்த்தார்களா?" நல்ல கேள்வி. செவிவழிச் செய்தியை அப்படியே ஏற்காமல், கண்டவர் யார் என்று கேட்பது அறிவுடையோர் வழக்கம். அக்கேள்விக்கு விடை தேடியபோதுதான் இந்தப் பீடபூமி என் கண்ணில் பட்டது.

அங்கே மரம் இல்லை, ஊர் இல்லை. கோடையில் நான்கு மாதங்களுக்கும் மேலாகச் சூரியன் மறைவதில்லை. குளிர்காலத்தில் ஏறத்தாழ அதேயளவு காலம் உதிப்பதில்லை. மழையும் பனியும் மிகக் குறைவாகவே பொழிவதால் அதைத் துருவப் பாலை என்றே புவியியலார் அழைப்பர். இத்தகைய கற்காட்டின் மேல், செயின்ட் பேட்ரிக் விரிகுடாவுக்கு அருகே, இரண்டு சிறிய பனிக்கவிகைகள் இருந்தன. மேட்டின் தலையில் தொப்பி கவிழ்த்தாற்போல் படர்ந்து கிடக்கும் நிலையான பனிக்கட்டியே பனிக்கவிகை எனப்படும். சில நூற்றாண்டுகளுக்கு முன் பூமி சற்றே குளிர்ந்திருந்த காலத்தில் இவை உருவாகி வளர்ந்திருக்கலாம் என்பது அறிஞர் கருத்து.

1959-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் விமானத்திலிருந்து இவை படம் பிடிக்கப்பட்டன. பெரியது ஏறத்தாழ ஏழரைச் சதுர கிலோமீட்டர். சிறியது ஏறத்தாழ மூன்று. அந்தப் படங்களே பின்வந்த கணக்குகளுக்கெல்லாம் அடிப்படையாயின.

1982-ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரேமண்ட் பிராட்லியின் மாணவராக மார்க் செரெஸ் என்னும் இளைஞர் அங்கே சென்றார். அந்தப் பனிப்பரப்பு தன்மேல் உள்ள காற்றை எவ்வளவு குளிர்விக்கிறது என்பதையும் அவர்கள் ஆராய்ந்தனர். அன்று அவர் கண்ணுக்கு அப்பனி அசையாச் சொத்தாகவே தோன்றியது.

அளக்கும் முறை எளியதே. பனிக்கட்டியில் துளையிட்டுக் கம்புகளை ஊன்றுவர். கோடை முடிவில் கம்பின் எவ்வளவு பாகம் வெளியே தெரிகிறது என்று பார்ப்பர். ஒரு மீட்டர் கூடுதலாகத் தெரிந்தால் அவ்விடத்தில் ஒரு மீட்டர் பனிக்கட்டி உருகிவிட்டது என்று பொருள். நீராகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 90 சென்டிமீட்டர். குளிர்காலத்தில் விழுந்த புதுப்பனியைக் குழி தோண்டி அளந்து வரவில் எழுதுவர். உருகியதைச் செலவில் எழுதுவர். நம் வீட்டுக் கணக்குப் போன்றதே இதுவும். ஆனால் ஓராண்டுக் கணக்கை மட்டும் வைத்துத் தீர்ப்புக் கூறலாகாது. குளிர்ந்த கோடை வாய்த்தால் வரவு மிஞ்சும். வெப்பக் கோடை வந்தால் செலவு மிஞ்சும். பல்லாண்டுக் கணக்கே உண்மையைச் சொல்லும்.

பெரிய பனிப்பரப்புகளுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. அடிவாரத்தில் உருகினாலும் உயர்ந்த சிகரத்தில் புதுப்பனி சேர்ந்துகொண்டிருக்கும். வரவும் செலவும் சமமாகும் உயரம் ஒன்று உண்டு. வெப்பம் கூடக்கூட அவ்வுயரம் மேலேறும். தட்டையான சிறு கவிகையின் உச்சியையும் அது தாண்டிவிட்டால், அப்புறம் கவிகை முழுவதும் செலவே, வரவு இல்லை. சேமிப்பு இல்லாத குடும்பத்துக்கு முதல் பஞ்சமே பெரும் பஞ்சமாகி விடுவது போன்றது இது. ஆகவேதான் சிறியவை முதலில் அழிகின்றன. 1979-க்குப் பின் வடதுருவப் பகுதி உலகச் சராசரியைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் வெப்பமடைந்து வந்துள்ளது.

2001-இல் அக்கவிகைகளின் விளிம்பு மீண்டும் அளக்கப்பட்டது. அதன்பின் ஆஸ்டர் என்னும் கருவி செயற்கைக்கோளிலிருந்து படம் அனுப்பியது. அப்படத்தின் ஒரு புள்ளி தரையில் 15 மீட்டரைக் காட்டும். புதுப்பனி மூடிய நாளில் எடுத்த படம் வெறுந்தரையையும் பனிக்கட்டியாகக் காட்டி ஏமாற்றும் என்பதால், புதுப்பனி உருகி முடிந்த கோடை நாட்களின் படங்களையே தேர்ந்தெடுத்தனர். பின்னாளில் எடுத்த ஜூலைப் படத்தை 1959-ஆம் ஆண்டுப் படத்துடன் ஒப்பிட்டபோது, எஞ்சியிருந்தது பழைய பரப்பில் 5 விழுக்காடு மட்டுமே.

2017-இல் செரெஸும் உடன் ஆய்ந்தோரும் இன்னும் ஐந்தாண்டுக்குள் இவை மறையும் என்று எழுதினர். 2020 ஜூலை 14-ஆம் நாள் படத்தில் இரண்டையும் காணவில்லை. அதற்குள் அமெரிக்கத் தேசியப் பனித் தரவு மையத்தின் இயக்குநராகியிருந்த செரெஸ், இளமையில் தாம் நடந்து திரிந்த பனியின் மறைவைப் படத்தில்தான் கண்டார். முன்னறிவிப்பு பலித்ததே என மகிழத்தக்க செய்தியா அது?

இவ்விரு கவிகைகளும் உருகியதால் கடல் மட்டம் கண்ணுக்குத் தெரியும் அளவு உயர்ந்துவிடவில்லை. அவற்றின் அளவு அத்துணைச் சிறியது. ஆனால் கிணற்றில் நீர் வற்றுவதை முதலில் உணர்த்துவது ஆழமற்ற கிணறு அன்றோ! ஆழக் கிணறு உடையோரும் அதைக் கண்டு எச்சரிக்கை கொள்வது நலம்.

அதே பீடபூமியில், இன்னும் உயரமான இடங்களில், மர்ரே, சிம்மன்ஸ் என்னும் வேறு இரு கவிகைகள் உள்ளன. 2017 ஆய்வுரையின்படி முன்னது 1959-ஆம் ஆண்டுப் பரப்பில் 39 விழுக்காடாகவும் பின்னது 25 விழுக்காடாகவும் சுருங்கியிருந்தன. அவற்றுக்கும் அதே முடிவே காத்திருக்கிறது என்கின்றனர் ஆய்வாளர்.

மறுநாள் அம்மாணவரை அழைத்து, "அளந்தார்கள்" என்றேன். "கம்பு ஊன்றி அளந்தார்கள், கால்நடையாய்ச் சுற்றி வந்து அளந்தார்கள், வானிலிருந்தும் அளந்தார்கள். அளப்பதற்கு ஒன்றுமே மிஞ்சாத நாள் வரை அளந்தார்கள்." அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு உலகப் படத்தை எடுத்து வந்து, "அந்த இடம் எங்கே இருந்தது?" என்று கேட்டார்.