ஒரு சுற்றும் முழுப் பந்தயமும்

மனித ஆற்றலை இருவகையாகப் பகுத்துக் காணலாம். ஒரு கணத்தில் உச்சத்தைத் தொட்டு நிற்பது ஒன்று. நெடுநேரம் தளராது நின்று எடுத்த செயலை முடிப்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒருவரிடத்தே ஒருங்கே அமைதல் அரிது. ஒன்று மட்டும் அமையப் பெற்றோரை எவ்வாறு மதிப்பிடுவது என்பது ஆசிரியத் தொழிலில் இருப்போர் அனைவரையும் வருத்தும் வினா. அவ்வினாவுக்கு விடை தேட நமக்குத் துணை நின்றது, பலரும் எதிர்பாராத ஒரு துறை: ஃபார்முலா ஒன் என்னும் மோட்டார் கார்ப் பந்தயம்.

தமிழ்த்துறை மலரில் கார்ப் பந்தயத்திற்கு என்ன வேலை என்று சான்றோர் சிலர் வினவக்கூடும். விடுதி மாணவர்கள் ஞாயிறு மாலைகளில் தொலைக்காட்சியின் முன் கூடியிருக்கும்போது, அவர்களைக் கண்காணிக்கச் சென்ற நாம் நாளடைவில் அவர்களுடன் அமர்ந்து பார்க்கத் தொடங்கினோம். விரைவு நம்மைக் கவரவில்லை, கணக்கே கவர்ந்தது. ஒரு குறிப்பேட்டில் இரு பத்திகள் வரைந்து, சனிக்கிழமை முடிவை ஒன்றிலும் ஞாயிற்றுக்கிழமை முடிவை மற்றொன்றிலும் எழுதி வந்தோம். அக்குறிப்பேடு நமக்குக் கற்பித்தவற்றுள் சிலவற்றை இங்குப் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

இருநாள், இருவேறு சோதனை

பந்தயத்திற்கு முன்னர் நடைபெறுவது தகுதிப் போட்டி. யார் எந்த இடத்திலிருந்து புறப்படுவது என்பதை அது முடிவு செய்யும். பொதுவாகச் சனிக்கிழமைகளில் நடைபெறும் இப்போட்டி 2006 முதல் மூன்று கட்டங்களாக அமைந்துள்ளது. முதலிரு கட்டங்களில் பின்தங்கியோர் நீக்கப்படுவர். எஞ்சிய பதின்மர் இறுதிக் கட்டத்தில் மோதுவர். ஒவ்வொருவருடைய மிகச்சிறந்த ஒரே ஒரு சுற்றுதான் கணக்கில் கொள்ளப்படும். அச்சுற்றுக்குரிய நேரம் பெரும்பாலும் ஒன்றரை நிமிடத்தைத் தாண்டாது. மிகக் குறைந்த நேரத்தில் சுற்றி வந்தவர் வரிசையின் முதலிடத்தைப் பெறுவார். 'போல் பொசிஷன்' என்று வழங்குவது இதனையே.

பந்தயமோ முற்றிலும் வேறு. அதன் தொலைவு பொதுவாக 305 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. மொனாக்கோவில் மட்டும் ஏறத்தாழ 260 கிலோமீட்டர். தகுதிப் போட்டியில் கார் மிகக் குறைந்த எரிபொருளுடன் ஓடும். புதிய மென்டயர்கள் பூட்டப்பட்டிருக்கும். வழி மறிப்போர் பெரும்பாலும் இரார். பந்தயத்திலோ முழுத் தொலைவுக்கும் வேண்டிய எரிபொருளைத் தொடக்கத்திலேயே சுமந்தாக வேண்டும். இடையில் நிரப்புதல் 2010 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. 2019 முதல் 2025 வரை நிலவிய விதி 110 கிலோ வரை எரிபொருளை அனுமதித்தது. பத்துக் கிலோ சுமை ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 0.3 நொடியை விழுங்கும் என்பர். டயர் தேயும், முன்செல்லும் காரின் பின்னால் குழம்பிய காற்று பின்வருபவரின் பிடிமானத்தைக் குறைக்கும். ஆகவே முதல் நாள் நிகழ்வது கூர்மையின் சோதனை. மறுநாள் நிகழ்வது நிதானத்தின் சோதனை.

இரு பத்திகள் சொல்லும் செய்தி

நம் குறிப்பேட்டின் தொகுப்புப் பக்கத்தில் உள்ள சில எண்களைக் காண்போம். பிரேசில் நாட்டு அயர்டன் சென்னா 65 முறை தொடக்க முதலிடம் பெற்றார். வென்ற பந்தயங்கள் 41. பிரான்சின் அலென் புரோஸ்ட் தொடக்க முதலிடம் பெற்றவை 33, வெற்றிகளோ 51. ஜெர்மனியின் மைக்கேல் ஷூமாக்கருக்கு 68 முதலிடம், 91 வெற்றி. இங்கிலாந்தின் லூயிஸ் ஹாமில்டனுக்கு 2024 முடிவில் 104 முதலிடம், 105 வெற்றி. இரு தட்டும் ஏறத்தாழ நிகராக நின்றன. அதே ஆண்டு முடிவில் நெதர்லாந்தின் மாக்ஸ் வெர்ஸ்டாப்பனுக்கு 40 முதலிடம், 63 வெற்றி. மொனாக்கோவின் சார்ல் லெக்லெருக்கோ 26 முதலிடம், 8 வெற்றி மட்டுமே.

இவ்வெண்களைக் கண்டவுடன் லெக்லெர் பந்தயத்தில் வலுவற்றவர் என்று தீர்ப்புரைத்தல் எளிது. ஆனால் அது நேர்மையான தீர்ப்பு ஆகாது. ஒரு சுற்றில் விரைந்தோடும் கார், நெடுந்தொலைவில் டயர்களைத் தின்றுவிடக்கூடும், அணியின் உத்தி பிழைக்கக்கூடும், இயந்திரம் பழுதாகக்கூடும். ஓட்டுநரின் தகுதியை மட்டும் பிரித்தறிய வேண்டுமெனில், ஒரே அணியில் ஒரே வகைக் காரை ஓட்டிய இருவரை ஒப்பிடுதலே தக்க வழி.

சென்னாவும் புரோஸ்டும்

அத்தகைய ஒப்பீட்டிற்கு 1988ஆம் ஆண்டினும் சிறந்த சான்று வேறில்லை. மெக்லாரன் அணியில் சென்னாவும் புரோஸ்டும் ஒருங்கே இருந்தனர். அவ்வாண்டின் 16 பந்தயங்களுள் 15 பந்தயங்களை அவ்வணியே வென்றது. தொடக்க முதலிடம் சென்னாவுக்கு 13, புரோஸ்டுக்கு 2. தகுதிப் போட்டியை மட்டும் நோக்கின் இருவருக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. ஆனால் வெற்றிகளோ சென்னாவுக்கு 8, புரோஸ்டுக்கு 7. அவ்வளவு பெரிய இடைவெளி ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது.

இன்னும் வியப்பு உண்டு. அவ்வாண்டு ஈட்டிய எல்லாப் புள்ளிகளையும் கூட்டினால் புரோஸ்டுக்கு 105, சென்னாவுக்கு 94. ஆயினும் சிறந்த 11 முடிவுகளை மட்டுமே கணக்கில் கொள்ளும் விதி அப்போது இருந்தமையால் 90க்கு 87 என்ற கணக்கில் சென்னாவே உலக வாகையர் ஆனார். எதனை எண்ணுவது, எதனை விடுவது என்னும் விதியே வாகையரைத் தீர்மானித்தது. அளவுகோலை மாற்றின் அளக்கப்பட்டவரின் உயரமும் மாறும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

அவ்வாண்டின் மொனாக்கோ பந்தயம் தனித்து நோக்கத்தக்கது. தகுதிப் போட்டியில் சென்னா புரோஸ்டை 1.427 நொடியால் முந்தினார். நூற்றில் ஒரு பங்கு நொடிக்குப் போராடும் இத்துறையில் ஒரே வகைக் காரில் இத்துணை இடைவெளி அரிதினும் அரிது. மறுநாள் பந்தயத்திலும் ஏறத்தாழ 50 நொடி முன்னணியில் சென்றுகொண்டிருந்தார். 78 சுற்றுகளுள் 67ஆம் சுற்றில், நெருக்குவார் எவரும் இல்லாத நிலையில், போர்ட்டியே வளைவில் தடுப்பில் மோதினார். வெற்றி புரோஸ்டின் கைக்குச் சென்றது. சென்னா அணியின் கூடாரத்திற்குத் திரும்பாமல், அந்நகரிலேயே இருந்த தம் இல்லத்திற்கு நடந்து சென்றுவிட்டார்.

மறு ஆண்டும் அதே அணி, அதே இருவர். 1989இல் மீண்டும் சென்னாவுக்கு 13 தொடக்க முதலிடம், புரோஸ்டுக்கு 2. வெற்றி சென்னாவுக்கு 6, புரோஸ்டுக்கு 4. உலக வாகைப் பட்டமோ இம்முறை புரோஸ்டுக்கு! வெல்ல இயலாத நாளில் இரண்டாமிடத்தையேனும் கைவிடாது கொண்டுசேர்த்த பொறுமைக்குக் கிடைத்த பரிசு அது. புரோஸ்டைப் 'பேராசிரியர்' என்று பந்தய உலகம் அழைத்தது பொருத்தமே.

அப்பேராசிரியருக்கும் ஓர் ஆசிரியர் வாய்த்திருந்தார். 1984இல் அதே அணியில் அவருடன் ஓட்டியவர் ஆஸ்திரிய நாட்டு நிக்கி லாடா. அவ்வாண்டு லாடா ஒரு பந்தயத்தில்கூடத் தொடக்க முதலிடம் பெறவில்லை. புரோஸ்ட் 7 பந்தயங்களை வென்றார், லாடா 5. இறுதிப் பந்தயம் போர்ச்சுகலின் எஸ்டோரில் களத்தில் நடைபெற்றது. புரோஸ்ட் முன்வரிசையிலிருந்தும் லாடா 11ஆம் இடத்திலிருந்தும் புறப்பட்டனர். புரோஸ்ட் வென்றார்; லாடா ஒவ்வொருவராகக் கடந்து இரண்டாமிடம் சேர்ந்தார். 72க்கு 71.5. அரைப் புள்ளியில் வாகைப் பட்டம் லாடாவுக்கு. ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டியவாறு காரைப் பக்குவப்படுத்துவதே தம் வேலை என்று அவர் கருதினார்.

முதலிடம் கண்டும் வெற்றி காணாதோர்

தராசின் மறுபுறத்தையும் காணல் வேண்டும். நியூசிலாந்தின் கிறிஸ் ஏமன் 5 முறை தொடக்க முதலிடம் பெற்றும் உலக வாகைப் போட்டிப் பந்தயம் ஒன்றையேனும் வென்றாரல்லர். 1972இல் பிரான்சின் கிளெர்மான் ஃபெராண்ட் களத்தில் முன்னணியில் சென்றுகொண்டிருந்தபோது டயர் பழுதுற்று மூன்றாமிடம் அடைந்தார். இத்தாலியின் தியோ ஃபாபி 3 முறை முதலிடத்திலிருந்து புறப்பட்டும், ஒரு சுற்றைக்கூட முன்னணியில் முடிக்கவில்லை. கொலம்பியாவின் யுவான் பாப்லோ மோன்டோயா 2002ஆம் ஆண்டில் மட்டும் 7 முறை தொடக்க முதலிடம் பெற்றார். அவ்வாண்டில் ஒரு வெற்றியும் இல்லை.

இதற்கு நேர்மாறாக, மெக்லாரன் அணியைத் தோற்றுவித்த புரூஸ் மெக்லாரன் ஒருமுறையும் தொடக்க முதலிடம் பெறாமலே 4 பந்தயங்களை வென்றார். டென்னி ஹல்ம் 1967இல் அவ்வாண்டு முழுவதும் ஒரு முதலிடமும் இன்றியே உலக வாகையர் ஆனார். 1983இல் அமெரிக்காவின் லாங் பீச் களத்தில் ஜான் வாட்சன் 22ஆம் இடத்திலிருந்து புறப்பட்டு வென்றார். 23ஆம் இடத்திலிருந்து புறப்பட்ட லாடா இரண்டாமிடம் பெற்றார்.

இவற்றைக் கண்டு, புறப்பட்ட இடத்திலிருந்து எத்தனை இடம் முன்னேறினார் என்று எண்ணுவதே சிறந்த அளவுகோல் என்று மாணவர் சிலர் வாதிட்டனர். அதிலும் குறை உண்டு. முதலிடத்திலிருந்து புறப்படுபவர் முன்னேறுதற்கு இடம் ஏது? அவர் இறங்க மட்டுமே இயலும். கடைசியில் நிற்பவரோ, முன்னவர்கள் பழுதாகி விலகினாலே பல இடங்கள் ஏறிவிடுவார். ஆகவே அவ்வளவுகோல் சிறந்தவரைத் தண்டித்துப் பின்தங்கியவரைப் புகழும் கோணல் கொண்டது.

இதற்குத் தக்க சான்று நம்மவர் ஒருவர் பங்குகொண்ட பந்தயமே. 2005 ஜூன் 19 அன்று அமெரிக்காவின் இண்டியானாபொலிசில், இத்தாலியின் ஜார்னோ ட்ருல்லி தொடக்க முதலிடம் பெற்றிருந்தார். கோவையைச் சேர்ந்தவரும் ஃபார்முலா ஒன் களம் கண்ட முதல் இந்தியருமான நரேன் கார்த்திகேயன் 19ஆம் இடத்தில் இருந்தார். ஒரு நிறுவனத்தின் டயர்கள் அக்களத்தின் சாய்வான வளைவிற்குப் பாதுகாப்பற்றவை என்று தெரியவந்தமையால், அவற்றைப் பூட்டியிருந்த 14 கார்களும் அணிவகுப்புச் சுற்று முடிந்தவுடன் விலகிக்கொண்டன. எஞ்சிய 6 கார்களே ஓடின. முதலிடத்தில் நின்ற ட்ருல்லிக்கு ஒன்றும் இல்லை. நரேனுக்கு நான்காமிடமும் 5 புள்ளிகளும். இருவருடைய திறமும் ஓரிரவில் மாறிவிட்டதா? இல்லை. முடிவு என்பது திறத்தின் நிழல் மட்டுமன்று. சூழலின் நிழலும் அதனுள் கலந்தே விழும். ஆயினும் இறுதிவரை நின்று ஓடியவருக்கே அப்புள்ளிகள் உரியவாயின என்பதையும் மறத்தல் ஆகாது.

நம் தராசு

இவையெல்லாம் நமக்கு ஏன் என்னும் வினாவிற்கு வருவோம். துறையின் சிறந்த மாணவருக்குரிய பரிசை எவ்வாறு வழங்குவது என்பது பற்றி அண்மையில் ஒரு விவாதம் எழுந்தது. இறுதித் தேர்வின் மதிப்பெண் ஒன்றே போதும் என்றனர் சிலர்; மூன்றாண்டு உழைப்பையும் நோக்குக என்றனர் சிலர். மூன்று மணி நேரத்தில் நெருப்பாய் எழுதும் மாணவியும் உளர். தேர்வறையில் தடுமாறினும் ஆண்டு முழுவதும் நூலகத்தில் அமர்ந்து, ஏற்ற பணியை ஒருநாளும் குறைவிடாத மாணவரும் உளர். பரிசு ஒருவருக்குத்தான். அது கிடைக்காமற்போனவர் தம்மைத் தாமே சிறியராக மதித்துவிடக்கூடும் என்பதே நம் கவலை.

இரு பத்திகளையும் கூட்டி ஓர் எண்ணாக்குதல் கூடாது என்பது நம் துணிபு. சென்னாவின் 65ஐயும் புரோஸ்டின் 51ஐயும் ஒரே நிறைகல்லால் நிறுக்க இயலாது. ஒன்று, மனிதன் எவ்வளவு உயர இயலும் என்பதைக் காட்டுகின்றது. மற்றொன்று, உயர்ந்ததை எவ்வளவு நேரம் தாங்க இயலும் என்பதைக் காட்டுகின்றது. ஆகவே தேர்வுச் சிறப்பிற்கு ஒன்றும், தொடர்பணிக்கு ஒன்றுமாக இரு பரிசுகள் வழங்கலாம் என்று எழுதிக் கொடுத்துள்ளோம். துறையின் நிதி அதற்கு இடங்கொடுக்குமா என்பது பெரியோர் கையில் உள்ளது. அவர்கள் இவ்வேண்டுகோளைக் கனிவுடன் நோக்குவர் என நம்புகின்றோம்.

மாணவச் செல்வங்களே! முன்வரிசையில் நிற்பவர்கள், முதல் வளைவு இன்னும் வரவில்லை என்பதை நினைவிற் கொள்ளுங்கள். பின்வரிசையில் நிற்பவர்கள், 22ஆம் இடத்திலிருந்து புறப்பட்டு வென்ற வாட்சனை எண்ணிக்கொள்ளுங்கள். ஆனால் அது அரிதாக நிகழ்வது என்பதையும் மறவாது, அடுத்த தகுதிப் போட்டிக்கு இன்னும் சற்று முன்னே வர முயலுங்கள். எவ்வரிசையில் நின்றாலும், புறப்பட்ட பின் காரை நிறுத்திவிடாதீர்கள்.