நிழற்படமும் நிஜமுகமும்

செங்கற்பட்டில் ரயில்வே பணியிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவருக்குச் சதாபிஷேகம் நடந்தது. பிள்ளைகள் மூவரும் மனமுவந்து செய்தார்கள். எதிலும் குறை வைக்கவில்லை. ஆனால் மாங்கல்யதாரண வேளையில் படம் எடுக்க வந்தவர், "ஐயா, கையை அப்படியே வைங்க. அம்மா, கொஞ்சம் நிமிருங்க. ரெண்டு பேரும் இங்கே பாருங்க" என்றார். வேதியர் மந்திரத்தை நிறுத்திக் காத்திருந்தார். அந்த அம்மையார், ஐம்பத்தைந்து ஆண்டுகள் உடன் வாழ்ந்த கணவரின் முகத்தைப் பார்க்கவில்லை, கேமராவைப் பார்த்தார். ஆல்பத்தில் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம், ரேஷன் அட்டைக்குப் படம் எடுத்துக்கொள்ள உட்கார்ந்தவளைப் போல் இருக்கிறாளே என்று பெரியவர் வருந்துவார்.

அவர் வீட்டுக் கூடத்தில் பாட்டனார், பாட்டியாரின் படம் ஒன்றும் உண்டு. இருவர் முகத்திலும் கடுமை. உண்மையில் அவர்கள் கடுமையானவர்கள் அல்லர். கண்ணாடித் தகட்டில் ஒளி பதியும்வரை அசையாதிருக்க வேண்டிய காலம் அது. அசைந்தால் உருவம் கலங்கிவிடும். புன்னகையை அவ்வளவு நேரம் நிறுத்திவைக்க யாரால் முடியும்? படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்ற அச்சமும் இருந்தது. இன்று இமைப்பொழுதில் படம் விழுகிறது. ஆயினும் முகம் இறுகுவது நிற்கவில்லை. குற்றம் தகட்டில் மட்டும் இல்லை போலும்.

வைபவம் முடிந்த மறுநாள் குடும்பத்துடன் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சென்றார்கள். கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை என்னும் பெரும்பாறைக்கு முன்னே வழக்கமான கூட்டம். ஒவ்வொருவரும் அதைத் தள்ளுவது போலவோ தாங்குவது போலவோ கையை உயர்த்தி நிற்க, எதிரே ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பேரன் வற்புறுத்தவே பெரியவரும் கையைத் தூக்கினார். அம்மையார் மறுத்துவிட்டார். "நான் தாங்கி அது நிக்கணுமா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பிடிக்கப் பேரன் கைபேசியைத் திருப்புவதற்குள் அது மறைந்துவிட்டது.

அருகில்தான் அர்ச்சுனன் தபசு. பல்லவர் காலச் சிற்பிகள் ஏழாம் நூற்றாண்டில், ஏறத்தாழ 90 அடி நீளப் பாறையில் ஓர் உலகத்தையே செதுக்கிவைத்திருக்கிறார்கள். எலும்பு தெரிய ஒற்றைக்காலில் நின்று தவம் செய்பவரை அர்ச்சுனன் என்பாரும் உளர், பகீரதன் என்பாரும் உளர். கீழே ஒரு பூனை, அதே போல் முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கி நிற்கிறது. அதைச் சுற்றி எலிகள்.

"பூனை எதுக்கு தாத்தா கையைத் தூக்கிட்டு நிக்குது?"

"எலிங்க பார்க்குதே, அதுக்குத்தான்."

பேரன் சிரித்துவிட்டு, வெண்ணெய் உருண்டையருகே எடுத்த தாத்தாவின் படத்தையும் பூனையையும் மாறி மாறிப் பார்த்தான். பெரியவருக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. அதே பாறையின் அடிப்புறத்தில் ஒரு மான், பின்னங்காலைத் தூக்கித் தன் மூக்கைச் சொறிந்துகொண்டிருக்கிறது. எதிரே நிற்பவர் யாரென்று அதற்குக் கவலையில்லை. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அது அப்படியே இருக்கிறது. அம்மையார் நெடுநேரம் நின்று பார்த்தது அந்த மானைத்தான்.

பிறகு கூப்பிடு தூரத்தில் உள்ள தலசயனப் பெருமாள் கோயிலுக்குப் போனார்கள். பூதத்தாழ்வார் அவதரித்த தலம். கோயில்களுக்குள் கைபேசி கூடாதென்று 2022 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டிருந்ததால், எல்லாருடைய கைபேசிகளும் வண்டியிலேயே தங்கின. புண்டரீக முனிவர் தாமரை மலர்களைத் திருப்பாற்கடலில் சேர்க்க எண்ணிக் கடல்நீரைக் கையால் இறைத்த வரலாற்றை அர்ச்சகர் சொன்னார். எம்பெருமான் ஒரு முதியவராக வந்து பசிக்கு உணவு கேட்டாராம். முனிவர் உணவு கொண்டுவரச் சென்ற நேரத்தில், அந்த மலர்களைச் சூடி, பாம்பணையும் இன்றி, வெறுந்தரையில் சயனித்துவிட்டாராம். தீப ஒளியில், அருகே அழைக்கும் பாவனையில் நீண்ட அந்தத் திருக்கரம் தெரிந்தபோது அம்மையாரின் முகம் எப்படி இருந்தது என்பதைப் பெரியவர் ஒருவரே கண்டார். அவரும் பெருமாளைச் சேவிக்க வேண்டியிருந்ததால் அரைக்கணம்தான் கண்டார்.

வெளியே வந்து படியில் அமர்ந்த அம்மையார், அர்ச்சகர் தந்த திருத்துழாயைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டிருந்தார். வண்டிக்கு ஓடிக் கைபேசியை எடுத்துவந்த பேரன், யாரையும் கூப்பிடாமல் ஒரு படம் எடுத்தான். மறுகணம் அவர் நிமிர்ந்து பார்த்தார். முகம் பழையபடி இறுகியது. அதையும் எடுத்தான்.

அடுத்த ஆடியில் அவர் பரமபதம் அடைந்தார். மாலையிடுவதற்குப் படம் தேடினார்கள். சதாபிஷேக ஆல்பத்தில் மட்டும் நூற்றுக்கு மேல் இருந்தன. பெரியவர் ஒவ்வொன்றாகத் தள்ளிவைத்துவிட்டு, துழாய் முடிந்த அந்த முதல் படத்தை எடுத்துக் கொடுத்தார்.

"இதுல அம்மா நம்மைப் பார்க்கலையேப்பா" என்றார் மூத்த மகன். "கும்பிட வர்றவங்களுக்கு முகம் நேரா இருக்க வேண்டாமா?" உறவினரும் அதையே சொன்னார்கள்.

பெரியவர் மறுமொழி சொல்லவில்லை. சட்டமிட்டு வந்ததும் பேரனை நாற்காலிமேல் ஏறச் சொல்லி, கூடத்துப் படங்களின் வரிசையில் அதை மாட்டவிடாமல், பூஜை அலமாரிக்குப் பக்கத்துச் சுவரைக் காட்டினார். ஆணி அடிக்குமுன், இன்னும் சற்று இடப்புறம், இன்னும் சற்றுக் கீழே என்று இருமுறை இடம் மாற்றினார்.