மோதி பாகில் ஒரு ட்ரிகர் பஞ்சாயத்து

மகள் துக்ளகாபாத் கர்ணி சிங் ரேஞ்சில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழகுகிறாள். ககன் நாரங் 2012-ல் லண்டனில் வெண்கலம் வாங்கினாரே, அதே போட்டி. ரைஃபிள் மட்டும் செகண்ட் ஹேண்ட்.

"ட்ரிகர் கெட்டியா இருக்குப்பா, வேற வாங்கி மாட்டிடலாம்."

விலையைக் கேட்டதும் என் பேங்க் புத்தி விழித்துக்கொண்டது. தங்கமணிக்கு ஒதுக்கிய மோதி பாக் குவார்ட்டர்ஸில், சாப்பாட்டு மேஜையிலேயே ஸ்க்ரூவைத் திருகினேன். வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டது. பெருமையாகத் தரையில் ஊன்றினேன்... தானாகவே 'டப்'! நல்லவேளை, உள்ளே குண்டு இல்லை. பக்கத்தில் சின்னவன் நின்றிருந்தான். தங்கமணி ஒன்றும் பேசவில்லை, அதுதான் பயமே.

ஏர் பிஸ்டலுக்கு ட்ரிகர் எடை குறைந்தது 500 கிராம் இருக்கவேண்டும் என்று விதி. ரைஃபிளுக்கு அப்படி ஒன்றும் இல்லை. அந்த அரைகுறை ஞானத்தில் செய்த வேலை இது. கோச் அழுக்கைத் துடைத்து, ஸ்க்ரூவைக் கொஞ்சம் ஏற்றிவைத்தார். பழைய ட்ரிகரே போதுமாம்.

பணம் மிச்சம். ஸ்க்ரூ டிரைவர்தான் இப்போது பீரோவில். சாவி என்னிடம் இல்லை.